நாள் முழுக்க ஓடியும் சொந்த வேலை நகரவில்லையா? மும்பைத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பையில் யாரும் சும்மா இருப்பதில்லை. விடியற்காலை தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி, இரவு கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது வரை ஓட்டம்தான். அப்படியும் துறைத் தேர்வுக்கு வாங்கிய புத்தகம் பிரிக்காமல் கிடக்கிறது. ரேஷன் கார்டில் முகவரி மாற்றும் வேலை மாதக்கணக்கில் நாளை, நாளை என்று போகிறது. பிளவுஸ் தைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்று வாங்கிய தையல் மிஷின்மேல் காய்ந்த துணிகளை அடுக்கி வைத்திருக்கிறோம். கேட்டால், "எனக்குச் சோம்பல் ஜாஸ்தி" என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம்.

நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காலை நெரிசலில் ஒற்றைக் கால் ஊன்ற இடம் பிடித்து தினமும் வேலைக்குப் போய்வருகிற ஆளைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. தள்ளிப்போகும் வேலைகளை எடுத்துப் பாருங்கள். அதற்கென்று ஒரு நேரம், அதற்கென்று ஓர் இடம், அதன் முதல் அசைவு: இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் காணாமல் இருக்கும். அலுவலக வேலைக்கு இந்த மூன்றையும் வேறு யாரோ தீர்மானித்துக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் அது நடந்துவிடுகிறது. சொந்த வேலைக்கு நாம்தான் தீர்மானிக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே.

கீழே உள்ள படிகளை வரிசையாகவே செய்யுங்கள். முதல் மூன்றையும் தாண்டி நேராகப் போன் பிரச்சினைக்குப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்றே தெரியாமல் போனை மட்டும் ஒதுக்கி வைத்தால், அந்த நேரத்தில் டிவி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படி 1: நான்கு நாள் கணக்கு எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். போனில் எழுத வேண்டாம். எழுதப் போன இடத்தில் வேறு எதையாவது திறந்துவிடுவோம். மூன்று வேலை நாள், ஒரு ஞாயிறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் மணியையும் செய்ததையும் ஒரே வரியில் குறியுங்கள். "8.50 டிவி", "9.35 அண்ணன் போன்", "10.05 ரீல்ஸ்" என்று இருந்தால் போதும். இந்த நான்கு நாளில் எதையும் திருத்தப் பார்க்காதீர்கள். கணக்குக்காக நல்ல பிள்ளையாக நடந்தால் கணக்கே பொய்யாகிவிடும்.

டோம்பிவிலி கிழக்கில் குடியிருந்து ஃபோர்ட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் நாளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். தூக்கம் ஆறரை மணி நேரம். மதியச் சாப்பாடும் சேர்த்து அலுவலகம் ஒன்பது. வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசலுக்கு, நடை, பிளாட்பாரத்தில் காத்திருப்பு, விரைவு வண்டி எல்லாம் சேர்த்து ஒரு மணி ஐம்பது நிமிடம். போக வர 3 மணி 40 நிமிடம். குளியல், சாப்பாடு ஒன்றரை. தண்ணீர், கடை கண்ணி, பிள்ளையின் பாடம் இரண்டு. கூட்டினால் 22 மணி 40 நிமிடம். மீதி 1 மணி 20 நிமிடம்தான். அதுவும் ஒரே துண்டாகக் கிடைக்காது. காலையில் இருபது நிமிடம், ராத்திரி ஒரு மணி நேரம்.

இந்த ஆள் "தினமும் மூன்று மணி நேரம் படிப்பேன்" என்று ஜனவரி 1ஆம் தேதி முடிவெடுத்தால் அது முதல் வாரத்திலேயே உடையும். உடைந்ததற்கு மனவுறுதியைக் குறை சொல்வார். இல்லாத நேரத்தைச் செலவு செய்யப் பார்த்ததுதான் விஷயம். உங்கள் மீதி எவ்வளவு என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த எண் சின்னதாக இருந்தால் கலங்க வேண்டாம். தினமும் இருபது நிமிடம் என்றாலும் மாதத்துக்குப் பத்து மணி நேரம் ஆகிறது.

படி 2: மீதியே இல்லையென்றால், வேலையைப் பங்கு பிரியுங்கள்

இந்தக் கணக்கை ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவரும் எழுத வேண்டும். அங்கேதான் உண்மை வெளியே வரும். இந்திய அரசு 2019ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கு எதிரே ஒன்றரை மணி நேரம்.

செம்பூரிலிருந்தோ முலுண்டிலிருந்தோ வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணின் நோட்டில் மீதி பூஜ்யமாக இருக்கும், சில நாள் அதற்கும் கீழே போய்த் தூக்கத்தைத் தின்றிருக்கும். இவரிடம் "அதிகாலை நாலு மணிக்கு எழுந்திருங்கள்" என்று சொல்கிற அறிவுரையை நான் வெறுக்கிறேன். லேடீஸ் பெட்டியில் மடியில் செய்தித்தாளை விரித்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வீடு திரும்புகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு, அவர்களிடம் இனி பிழிந்தெடுக்க நிமிடம் பாக்கி இல்லை என்று தெரியும்.

இங்கே செய்ய வேண்டியது பங்கு பிரிப்பது. எப்படிப் பிரிப்பது என்பது முக்கியம். "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று கேட்டால் நடக்காது. அப்படிக் கேட்கும்போது ஞாபகம் வைப்பதும் சொல்வதும் சரிபார்ப்பதும் மனைவி தலையிலேயே நிற்கிறது. ஒரு வேலையை முழுசாகக் கைமாற்றிவிடுங்கள். ராத்திரிப் பாத்திரம் என்றால் மேடையைத் துடைத்து விளக்கை அணைப்பது வரை கணவர் பொறுப்பு. காஸ் சிலிண்டர் என்றால், தீரப்போகிறது என்று கவனிப்பதிலிருந்து புக் செய்து வாங்கி வைப்பது வரை. பையனின் ஹோம்வொர்க் என்றால், என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று டைரியைப் பார்ப்பதும் அதில் சேர்த்தி.

முதல் சில வாரம் சரியாக வராது. கடாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். "நீங்க விடுங்க, நானே பண்ணிக்கறேன்" என்று திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள். வாங்கினால் மிச்சமான அந்த நேரம் திரும்ப வராது. தையல் மிஷின்மேல் இருக்கும் துணியை எடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

படி 3: பட்டியலை வெட்டுங்கள்

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை நாம் எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறோம். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இதை 1979லேயே எழுதிவிட்டார்கள். 1994ல் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றதற்கு, 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமாக நடந்தால் என்று கணக்குப் போட்டும் போதவில்லை.

அதனால் மனத்தில் தோன்றும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். போன தடவை அதே வேலைக்கு எவ்வளவு ஆனது என்று ஞாபகம் இருந்தால் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் நம்பகமானது. ரேஷன் அலுவலகம், வங்கி போன்றவற்றுக்கு அரை நாள் என்றே எழுதிவிடுங்கள். அரை மணி என்று எழுதிப் போனால் அதற்குப் பின்னால் வைத்த எல்லாம் சரியும்.

இப்போது மீதி நேரத்தில் எத்தனை வேலை அடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒன்று. மற்றதைக் கடைசிப் பக்கத்தில் "பிறகு" என்று தலைப்புப் போட்டு எழுதிவிடுங்கள். எழுதி வைத்ததே மண்டைக்குள் அது நச்சரிப்பதைக் குறைக்கும்.

படி 4: முதல் அசைவைக் கண்டுபிடியுங்கள்

"பி.எஃப். நாமினேஷன் போடணும்." நமக்குப் பிறகு பி.எஃப். பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பதிவு செய்வது. மாதக்கணக்கில் தள்ளிப்போகும் வேலைகளில் இது ஒன்று. செய்தால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு, செய்யாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது, அதனால் தள்ளிப்போகிறது. இதைப் பிரித்துப் பார்ப்போம்.

பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் உறுப்பினர் தளத்தில் உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என்.ஐயும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போக வேண்டும். அங்கே உங்கள் சுயவிவரத்தில் உங்கள் போட்டோ ஏற்றியிருக்க வேண்டும். பலர் இங்கேயே நின்றுபோய், சைட் வேலை செய்யவில்லை என்று மூடிவிடுகிறார்கள். அப்புறம் நாமினியின் ஆதார் எண்ணும் போட்டோவும் வேண்டும். எல்லா விவரமும் கொடுத்துச் சேமித்த பிறகு ஆதார் வழியாக இ-கையெழுத்து போட வேண்டும். அதற்கான ஓ.டி.பி. ஆதாரோடு இணைத்த மொபைல் எண்ணுக்குத்தான் வரும். இந்தக் கையெழுத்தைப் போடாதவரை நாமினேஷன் பதிவானதாக ஆகாது.

ஆக, "நாமினேஷன் போடணும்" என்பது ஒரு வேலை கிடையாது, நாலைந்து வேலை. முதல் அசைவு என்ன? மனைவியின் போட்டோவைப் போனில் எடுத்து, பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டிச் சேமித்து வைப்பது. ஐந்து நிமிடம். இன்றைக்கு அது மட்டும். நாளைக்கு ஆதாரில் இருக்கும் எண் இப்போது கையில் இருக்கிற சிம்தானா என்று பார்ப்பது. மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் எங்கும் தடுக்காது.

நோட்டில் எழுதும்போது இப்படி, கை செய்யும் செயலாகவே எழுதுங்கள். "கணக்கு படிப்பது" என்று எழுதாமல், "வட்டிக் கணக்கு, பயிற்சியில் முதல் ஐந்து" என்று எழுதுங்கள். உட்கார்ந்ததும் யோசிக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

உட்காரவே மனம் வராத சலிப்பான வேலைகளுக்கு 25 நிமிடம் அலாரம் வைத்துச் செய்யும் முறை உதவும். 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தொடங்கியது அது. பில்களை அடுக்குவது, படிவம் நிரப்புவது போன்றவற்றுக்கு எனக்கு அது பிடிக்கும். ஆழ்ந்து படிக்கும்போது பாதியில் மணி அடித்தால் எரிச்சல்தான் வரும், அப்போது வேண்டாம்.

படி 5: எப்போது, எங்கே என்று கட்டிப்போடுங்கள்

பீட்டர் கோல்விட்சர், வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1997ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சின்னக் கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சொன்ன கெடுவுக்குள் எழுதினார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு தரப்புக்கும் எழுத வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. நேரமும் இடமும் குறித்ததுதான் வித்தியாசம்.

மும்பையில் இதைக் கட்டிப்போட ஸ்டேஷன்களை விட நல்ல முளை கிடைக்காது. "வண்டி தாணேயை விட்டதும் புத்தகத்தைத் திறப்பேன்." "குர்லா வரும்வரை கேள்வித்தாள்." வீட்டில் என்றால், "குக்கரை இறக்கியதும் ஜன்னலோரம் உட்காருவேன்."

ரயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய நாளில் மிகப் பெரிய துண்டு அங்கேதான் கிடக்கிறது. நின்றுகொண்டு போகும் விரைவு வண்டியில் படிக்க முடியும் என்று திட்டம் போடாதீர்கள். அங்கே காதுக்கு மட்டும்தான் வேலை கொடுக்கலாம். உங்கள் குரலிலேயே பதிவு செய்த பாடக் குறிப்பு, வேற்றுமொழிப் பயிற்சி, அப்படி ஏதாவது. படிக்கத்தான் வேண்டும் என்றால் உட்கார இடம் வேண்டும். டோம்பிவிலியிலிருந்தே கிளம்புகிற வண்டிகள் இருக்கின்றன. எம்-இண்டிகேட்டர் என்னும் ரயில் நேர ஆப்பில் நேரம் பார்த்து அதில் ஏறுங்கள். ஸ்லோ வண்டியாக இருந்தால் கால் மணியோ இருபது நிமிடமோ கூடுதலாகப் போகும். ஆனால் உட்கார்ந்த நிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் கிடைக்கும். என்னைக் கேட்டால் இது லாபமான பேரம். நெரிசலில் நசுங்காமல் இறங்குவது வேறு.

களைத்துத் திரும்பும் மாலைப் பயணத்தில் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், சாமான்களை முந்தின ராத்திரியே எடுத்து வைப்பது. காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக வரும் இட்லிக்காரர்களைப் பாருங்கள். தாராவியில் அவர்கள் வீடுகளில் முந்தின நாளே மாவு அரைத்துவிடுகிறார்கள். ஊறுவதற்கும் புளிப்பதற்கும் ஆகும் நேரம் யாருக்காகவும் குறையாது. அதனால் விடியலில் அவர்களுக்குத் தீர்மானிக்க ஒன்றும் இல்லை, அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான். உங்கள் புத்தகம், பேனா, ஹெட்போன், வேண்டிய சான்றிதழ் நகல் எல்லாம் அதேபோல ராத்திரியே பைக்குள் போயிருக்க வேண்டும்.

படி 6: போன்

ஊரை விட்டு வந்தவர்களுக்குப் போன் வெறும் பொழுதுபோக்கு இல்லை. திருநெல்வேலியிலோ சேலத்திலோ அம்மா தனியாக இருந்தால் அதை அணைத்துவைக்க மனம் வராது. அணைக்கவும் வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் தொந்தரவு வேண்டாம் என்னும் அமைப்பைப் போட்டு, நட்சத்திரம் குறித்த எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளையின் பள்ளி. கூடவே, ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் ஒலிக்கும்படி ஒரு தேர்வு இருக்கிறது. அதையும் போட்டுவிட்டு, "அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஐஃபோனிலும் இந்த வசதி உண்டு, அங்கே மூன்று நிமிடத்துக்குள் அழைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் குடும்பக் குரூப், ஊர்க் குரூப், சொசைட்டி குரூப் எல்லாவற்றையும் "எப்போதும்" என்று மியூட் செய்து ஆர்க்கைவுக்கு அனுப்புங்கள். விலக வேண்டிய அவசியம் இல்லை, யார் மனமும் புண்படாது. அம்மாவிடம் தினமும் பேச ஒரு நேரம் வைத்துக்கொண்டால் கண்ட நேரத்தில் வரும் அழைப்பு தானாகக் குறையும். அவர்களுக்கும் அது பிடிக்கும், காத்திருந்து நிதானமாகப் பேசுவார்கள்.

போனை வேறு அறையில் வையுங்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். ஒரே அறையும் கிச்சனும் இருக்கிற வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது? பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள், அல்லது லாஃப்ட்டில். எடுக்க ஸ்டூல் போட வேண்டியிருந்தால் பாதி தடவை எடுக்க மாட்டோம்.

நடுவில் எழுந்துதான் ஆக வேண்டும் என்றால், எழுவதற்கு முன் எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்வோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். முடிக்காத வேலையை விட்டு எழுந்தால் கவனத்தில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009ல் காட்டினார். இப்படித் திரும்பி வருவதற்கான குறிப்பு எழுதி வைத்தால் அந்தத் தாக்கம் குறைகிறது என்று 2018ல் அவரும் தெரசா கிளோம்பும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

படி 7: "தம்பி, இந்த ஃபார்மைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்"

தாராவி, சயான் கோலிவாடா பக்கம் வளர்ந்து நாலு எழுத்து படித்த பிள்ளைகளுக்கு இது பழக்கமான தடை. மராத்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு கடிதம் வந்தால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் இவர்களிடம்தான் வருவார்கள். மின்வாரிய பில், பள்ளிச் சேர்க்கை, ஆஸ்பத்திரி ரிப்போர்ட். செய்து கொடுக்கவே கூடாது என்று எந்த நல்ல மனிதனாலும் சொல்ல முடியாது. நம் பெற்றோருக்கும் அன்றைக்கு யாரோ ஒருவர் இதைச் செய்து கொடுத்துத்தான் இங்கே நிலைக்க முடிந்தது.

வாரத்தில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். "சனிக்கிழமை ஆறு மணிக்கு எடுத்துட்டு வாங்க மாமா, உட்கார்ந்து முழுசா பார்த்துடலாம்." கடைசித் தேதி நெருங்கியதை மட்டும் உடனே பாருங்கள். போகப் போக அவர்களே, சனிக்கிழமை பையன் இருப்பான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

வீட்டில் உட்கார இடமே இல்லாத மாணவர்கள் பக்கத்தில் அப்யாசிகா இருக்கிறதா என்று விசாரியுங்கள். படிப்பதற்கென்றே இருக்கும் பொது அறைகளுக்கு இங்கே அதுதான் பெயர். மேசை, விளக்கு, சுற்றிலும் படிக்கிற ஆட்கள். இரண்டு நாள் போனாலே வித்தியாசம் தெரியும்.

படி 8: களைப்பு, மழை, மெகா பிளாக்

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அதைக் குறைத்துச் சேர்க்கும் நேரத்தில் படித்தது மண்டையில் நிற்காது. காபி, டீயில் இருக்கும் காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் மாலை ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் குடிக்கும் கட்டிங் சாயை நாலு மணிக்கு முன்னால் நகர்த்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், அதாவது தண்டவாளப் பராமரிப்புக்காக வண்டிகளை நிறுத்துவது பற்றிய அறிவிப்பைச் சனிக்கிழமையே பார்த்துவிட்டு வெளிவேலை வையுங்கள். ஜூலையில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி நின்ற நாளில் எந்தத் திட்டமும் நிற்காது. அப்படிப்பட்ட நாளுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவை முன்பே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம், ஐந்து கணக்கு, ஒரு கை தையல். அதுவும் முடியாவிட்டால் நோட்டில் தேதியைப் போட்டு "மழை" என்று எழுதிவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் போதும், விட்டதையும் சேர்த்துச் செய்யப் போனால் இரண்டும் கெடும்.

இவை எதுவும் எடுபடவில்லை என்றால்

சில சமயம் தடை இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, முன்பு ஆசையாகச் செய்தது கூடக் கசக்கிறது, தூக்கமும் பசியும் மாறிப்போயிருக்கிறது என்றால் நோட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வை நேர மேலாண்மையால் சரிசெய்ய முடியாது. தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களும், பிரசவத்துக்குப் பிறகு வீட்டோடு இருக்கும் பெண்களும் இதைச் சோம்பல் என்று நினைத்து மாதக்கணக்கில் தங்களையே நொந்துகொள்கிறார்கள். உடனே டாக்டரிடம் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண்ணான 14416ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மும்பையிலிருந்து பேசினாலும் தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.